பின்பாரம்

வண்டி என் வெல்டிங் கராஜுக்கு வந்த அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் நான்கு பேர்.

நான்.

அக்காவின் புருஷன். மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். வண்டியை மடுல்கெல்லையிலிருந்து பிலிமத்தலாவைக்கு அவர்தான் ஓட்டிக்கொண்டு வந்தார்.

அக்கா. முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். இறங்கவில்லை.

ஸ்பிரிங் பட்டறை பாஸ், அதாவது மேஸ்திரி. என் கராஜுக்கு அடுத்த கராஜ் அவருடையது. சிங்கள ஆள். தமிழ் கொஞ்சம் பேசுவார். பழைய வண்டி எது வந்தாலும் அடியில் குனிந்து பார்க்காமல் இருக்க மாட்டார்.

வண்டி ஜப்பான் வண்டி. சின்ன லொறி அளவு. உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, கக்கூஸ் எல்லாம் வைத்து வீடு மாதிரிக் கட்டியது. திகன பக்கம் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரர் வைத்திருந்தாராம். கொரோனா காலத்தில் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. வண்டி பலா மரத்தடியில் கிடந்து கூரை ஒழுகிப் போயிருந்தது. புது வண்டி நாட்டுக்குள் வராத நேரம் அது. மச்சான் அதை வாங்கினார்.

மச்சான் முப்பது வருஷமாகச் சாரதி. முதலில் தோட்டத்து லொறி. பிறகு டூரிஸ்ட் வேன். வேன் முதலாளி வேனை விற்றபோது வேலை போய்விட்டது. அவர் யோசித்து வைத்திருந்தது இதுதான்: வெளிநாட்டுக்காரர்கள் மலை ரோட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்ட வருகிறார்கள். கண்டியில் சைக்கிளை வாடகைக்கு எடுத்து மேலே ஏறுவதற்குள் களைத்துப் போகிறார்கள். நாலு சைக்கிளை வண்டிக்குள் ஏற்றி, ஆட்களையும் மேலே கொண்டு போய் விட்டால், ஓட்டி முடிந்ததும் அங்கேயே சோறு கொடுத்தால், நல்ல வேலை. சோறு சமைப்பது அக்கா.

அக்கா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். முட்டி தேய்ந்து வேலையை விட்டாள். உட்கார்ந்துகொண்டு சம்பாதிக்கிற வேலை அவளுக்கு முதல் தடவையாக வந்தது. அவளுக்கு ஆசை இருந்தது. அன்றைக்கு சீட்டில் இருந்தபடியே என்னிடம் ஒன்று மட்டும் சொன்னாள்.

“தம்பி, அடுப்புப் பக்கத்து ஜன்னல மூடிறாத.”

ஜன்னலை மூடவில்லை.

எனக்கு இருந்த யோசனை வேறு. முன்னால் இரண்டு சீட்டுதான். அக்காவும் வருகிற ஆட்களும் உள்ளேதான் உட்கார வேண்டும். அவளுக்குப் பின்னால் நாலு மோட்டார் சைக்கிள் நிற்கும். மலை ரோடு. வண்டியில் அவள் பத்திரமாக இருக்க வேண்டும். என் கையில் இருந்த வேலை அவ்வளவுதான்.

முதலில் காஸ் சிலிண்டரைக் கழற்றி வெளியே வைத்தேன். பிறகு கட்டில், கக்கூஸ், அலுமாரி. தரை விரிப்பைக் கிழித்தால் கீழே பலகை கஞ்சி மாதிரி இருந்தது. கால் வைத்தால் கால் போயிற்று. எல்லாவற்றையும் அள்ளிப் போட்டு அடிச்சட்டம் வரைக்கும் வந்தேன். சட்டம் நல்ல சட்டம். அதன்மேல் பெட்டி இரும்பு குறுக்கே போட்டு, அதன்மேல் செக்கர் பிளேட் தகடு அடித்தேன்.

சுவர் வேலைதான் கஷ்டம். வெளியே தகரம், உள்ளே பலகை, நடுவில் ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டை. வெல்டிங் பொறி பட்டால் ரெஜிபோம் பற்றிக்கொள்ளும். கறுப்புப் புகை. ஒரு தடவை பற்றியது. மச்சான் வாளித் தண்ணீரை என்மேலேயே ஊற்றினார். பிறகு ரெஜிபோமை எல்லாம் பிய்த்து எடுத்துவிட்டுத்தான் வேலை செய்தேன்.

பின்சுவரை அப்படியே வெட்டிக் கதவாக்கினேன். ஏற்றுவதற்குத் தனியாக இரும்புப் பலகை செய்தேன். சைக்கிளைத் தலைமாற்றி நிறுத்த வேண்டும். ஒன்று முன்பார்த்து, அடுத்தது பின்பார்த்து. அப்போதுதான் ஹேண்டில் ஒன்றோடொன்று இடிக்காது. கட்டுகிற கொக்கியைத் தகரத்தில் வைக்கவில்லை. சட்டத்தில் வைத்து வெல்டிங் அடித்தேன். அக்கா உட்காருகிற இடத்துக்கும் சைக்கிளுக்கும் நடுவில் வலைத் தடுப்பு. அவளும் ஆட்களும் உட்கார ஒரு நீள வாங்கு, அடுப்பு, கழுவுகிற தொட்டி, ஜன்னல்.

சைக்கிள் நாலுக்கும் இடம் பின்சக்கரத்துக்குப் பின்னால்தான் வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. இரண்டை முன்னால் தள்ளலாம் என்றேன். தள்ளினால் அடுப்பு இல்லை. அடுப்பு இல்லாவிட்டால் அக்காவுக்கு வேலை இல்லை. மச்சான் அக்காவைப் பார்த்தார். அதோடு விட்டேன்.

இரும்பு வேலை முடிந்ததும் ஸ்பிரிங் பாஸ் பின்னுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்பிரிங் பட்டை கூட்டிப் போட்டார். வண்டியின் பின்னால் தானே ஏறி நின்று குதித்துப் பார்த்தார். பின்சக்கரத்திலிருந்து வால் வரைக்கும் கையால் சாண் போட்டார். பிறகு சொன்னார்.

“பின்னுக்கு அறுநூறு கிலோ. அதுக்கு மேல போட வேணாம். போட்டா முன்சில் தூக்கும், முன்சக்கரம் ரோட்டப் பிடிக்காது. ஸ்டேரிங் கேக்காது.”

மச்சான் சரி என்றார். நான் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்றேன். நிறுக்காமல் அக்காவை ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டேன்.

மச்சான் வாங்கி வைத்திருந்த சைக்கிள் நாலும் மடுல்கெல்லையில் அக்கா வீட்டில் நின்றன. வண்டியை வெறுமையாகக் கொண்டு போனோம். அன்றைக்கு விடிந்ததிலிருந்து மழை.

அங்கே நிறுப்பதற்கு ஒரே இடம்தான். கொழுந்து மடுவம். கொழுந்து பறித்துக்கொண்டு வந்து நிறுத்துக் கொடுக்கிற கொட்டகை. நானும் அக்காவும் அந்தத் தோட்டத்தில்தான் பிறந்தோம். அம்மா நிறுத்ததும் அங்கேதான். பிறகு அக்கா நிறுத்ததும் அங்கேதான். அங்கே நிறையைப் பார்த்து எழுதுகிற கணக்கப்பிள்ளை மச்சானுக்குப் பழைய கூட்டாளி. லொறி ஓட்டிய காலத்துப் பழக்கம். மத்தியான நிறுவை முடிந்ததும் வரச் சொன்னார்.

சைக்கிள்களை மழையில் ஓட்டிக்கொண்டு வந்தோம். தண்ணீர் சொட்டச் சொட்ட மடுவத்துக்குள் ஏற்றினோம். மேடைத் தராசு சின்னது. சைக்கிள் முழுதாக நிற்காது. முன்சில்லை மட்டும் மேடையில் ஏற்றி, நானும் மச்சானும் இரண்டு பக்கமும் விழாமல் பிடித்துக்கொள்வோம். கணக்கப்பிள்ளை பார்த்துச் சொல்லுவார். பிறகு பின்சில். இரண்டையும் கூட்டினால் சைக்கிளின் நிறை. அவர் சொல்லச் சொல்ல நான் வெண்கட்டியால் தூணில் எழுதினேன்.

பெரிய சைக்கிள் இரண்டும் ஒவ்வொன்று நூற்று நான்கு. சின்னது இரண்டும் ஒவ்வொன்று தொண்ணூற்றாறு.

மச்சான் கொஞ்சம் யோசித்தார். பெரிய சைக்கிளுக்குப் புத்தகத்தில் நூற்று முப்பதுக்கு மேல் போட்டிருக்கிறது என்றார்.

“ஸ்டாண்டு, கண்ணாடி, பின்சீட்டு எல்லாம் கழட்டியாச்சே மச்சான்” என்றேன்.

கணக்கப்பிள்ளை சிரித்தார். “பழசாயிருச்சுல்ல. ஓடி ஓடித் தேஞ்சிருக்கும். ஒன் மச்சானப் பாரு, லொறி ஓட்டுனப்ப என்ன நெறை இருந்தாரு.”

மச்சானும் சிரித்தார். ஏற்றுப் பலகை, ஸ்பேனர்கள் வைத்த சாவிப் பெட்டி, பெற்றோல் கேன், மேலதிக டயர் எல்லாவற்றையும் நிறுத்தோம். எல்லாம் நனைந்திருந்தன. தூணில் எழுதியதைக் கூட்டினேன். ஐந்நூற்று எழுபத்தாறு. மச்சான் என் தோளில் தட்டினார்.

அறுநூறுக்குக் கீழே. எனக்கு மனசுப் பாரம் இறங்கியது. போய் அக்காவிடம் நானே சொன்னேன், ஏறு என்று.

இரண்டு நாள் கழித்து ஓட்டிப் பார்க்கப் போனோம். ஆட்கள் வருவதற்கு முன் ஒரு தடவை மேலே வரைக்கும் போய் வருவது. நாலு சைக்கிளும் ஏற்றியாயிற்று. மச்சான் ஓட்டினார். நான் பக்கத்தில். அக்கா உள்ளே வாங்கில். மடியில் சோற்றுச் சட்டியை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். ரோட்டில் ஈரம் இருந்தது. மழை விட்டிருந்தது.

நேர் ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை. ஏற்றம் தொடங்கியதும் மச்சான் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டேன். ஸ்டேரிங்கை இறுக்கிப் பிடித்தார்.

மூன்றாவது வளைவு. வேகம் இல்லை. நடந்து போகிறவன் முந்திவிடுவான், அவ்வளவுதான் வேகம். மச்சான் ஸ்டேரிங்கை ஒடித்தார். நான் அவர் கையைப் பார்த்தேன். முழுக்க ஒடித்தார். வண்டி திரும்பவில்லை. நேரே போயிற்று. வலது பக்கம் பள்ளம், இடது பக்கம் மண் மேடு. எங்கள் நல்ல காலம், நேரே இருந்தது மேடு. முன்சில் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி, மூக்கு மேட்டில் இடித்து நின்றது.

இடி பெரிய இடி இல்லை. அதற்குப் பிறகு உள்ளே கேட்ட சத்தம்தான் பெரியது.

கதவைத் திறந்து ஓடினேன். கொக்கி விடவில்லை. சைக்கிளைக் கட்டியிருந்த பட்டி அறுந்திருந்தது. முன்னால் நின்ற சைக்கிள் வலைத் தடுப்பை வளைத்துக்கொண்டு வந்து அக்காவின் காலில் கிடந்தது. சோறு எல்லா இடத்திலும். அக்கா கத்தவில்லை. காலைக் காட்டி, “இத எடு” என்றாள்.

கண்டிப் பெரியாஸ்பத்திரியில் காலுக்குத் தகடு வைத்தார்கள். ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்திருந்தபோது மச்சான் என்னிடம் சொன்னார்.

“முன்னுக்குப் பிடியே இல்ல மாப்ள. சும்மா சுத்துச்சு.”

“நிறை சரியாத்தானே இருந்தது மச்சான்” என்றேன்.

“அதான்” என்றார். 

தோட்டத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். குடித்திருந்தார் என்றார்கள். மச்சான் குடிப்பதில்லை. தூங்கிவிட்டார் என்றார்கள். வண்டியை இழுக்க வந்த டிரக்டர்காரன், வெள்ளைக்காரன் வண்டியை வாங்கினால் வெள்ளைக்காரன் மாதிரி ஓட்ட வேண்டுமா என்று கேட்டானாம். மச்சான் எல்லோரிடமும் ஒரே பதில் சொன்னார். ரோடு வழுக்கியது, என் கை தவறிவிட்டது. கேட்டுக் கேட்டு அவரே அதை நம்பத் தொடங்கினார் என்று நினைக்கிறேன். ரோட்டில் நடக்கும்போதுகூட ஓரமாக நடந்தார்.

அக்கா வீட்டுக்கு வந்தாள். ஒரு கம்பு ஊன்றி நடந்தாள். மச்சான் சமைத்தார். துணி துவைத்தார். நான் வண்டியை பிலிமத்தலாவைக்கு இழுத்து வந்து மூக்கை நிமிர்த்தினேன். வலைத் தடுப்புக்குப் பதிலாகத் தகடு வைத்தேன். பட்டிக்குப் பதிலாகச் சங்கிலி. ஸ்பிரிங் பாஸ் மறுபடி குனிந்து பார்த்தார். எவ்வளவு ஏற்றினீர்கள் என்று கேட்டார். ஐந்நூற்று எழுபத்தாறு என்றேன். அவர் தலையை ஆட்டினார், ஆமாம் என்கிற மாதிரி இல்லை. தன் பட்டறைக்குத் திரும்பிப் போனார்.

வண்டி மடுல்கெல்லைக்குத் திரும்பிப் போயிற்று. ஆட்கள் வருகிற நாள் குறித்தாகிவிட்டது. அதே நாலு சைக்கிள். அக்கா மறுபடி ஏறப் போகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். இரண்டு சைக்கிளைக் குறை என்றேன். நாலு பேருக்குச் சொல்லியாயிற்று என்றாள்.

“நெறை சரியாத்தானே இருந்துச்சு தம்பி. நீதானே எழுதுன. அவருக்குக் கை தவறிருச்சு. இந்த வாட்டி நெதானமா ஓட்டுவாரு. நான் பக்கத்துல இல்லாட்டி அவரு ஓட்டவே மாட்டாரு.”

நான் எழுதியதுதான். 

அந்த வாரம் கணக்கப்பிள்ளை ஆள் விட்டிருந்தார். மடுவத்துப் பின்கதவின் கீல் கழன்றுவிட்டது, வந்து வெல்டிங் அடித்துக் கொடு என்று. போனேன். அன்றைக்கும் மழை. பின்கதவு கணக்கப்பிள்ளை உட்காருகிற கதிரைக்குப் பின்னால் இருக்கிறது. நான் கீழே உட்கார்ந்து கீலைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பெண்கள் கொழுந்தோடு வரிசையாக வந்தார்கள். மத்தியான நிறுவை.

மடுவத்துக்கு நான் பிறந்ததிலிருந்து போய் வந்திருக்கிறேன். எப்போதும் பெண்கள் நிற்கிற பக்கம்தான். தராசின் முகம் அந்தப் பக்கம் பார்க்காது. கணக்கப்பிள்ளையைத்தான் பார்க்கும். அன்றைக்குத்தான் நான் இந்தப் பக்கம் இருந்தேன்.

ஒருத்தி சாக்கை வைத்தாள். முள் இருபதில் நின்றது.

கணக்கப்பிள்ளை “பதினாறு” என்றார்.

அடுத்தவள் வைத்தாள். முள் இருபத்தைந்து. அவர் “இருபது” என்றார். யோசிக்கவில்லை. கணக்குப் போடவில்லை. முள் நிற்பதற்கும் வாய் சொல்வதற்கும் நடுவில் ஒன்றும் இல்லை. மழை நாளில் கொழுந்தில் தண்ணீர் இருக்கும். அதற்குப் பத்துக்கு இரண்டு கழிப்பார்கள். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்குக் கழித்தார்கள். அக்காவுக்குக் கழித்தார்கள். கொழுந்துக்குக் கழிப்பார்கள் என்று தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

கீல் சுரண்டுகிற கம்பி என் கையிலேயே இருந்தது.

பெண்கள் போகிற வரைக்கும் பொறுத்தேன். பிறகு எழுந்து அவர் முன்னால் போய் நின்றேன்.

“அன்னைக்கு சைக்கிள் நிறுத்தமே, அதுக்கும் கழிச்சீங்களா?”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. பேனையை மூடினார். என்னைப் பார்த்தார். தராசைப் பார்த்தார். தூணைப் பார்த்தார். வெண்கட்டி எழுத்து ஈரத்தில் அழிந்து போயிருந்தது.

“மழ பேஞ்சுச்சே தம்பி” என்றார்.

அவரிடம் கோபப்பட எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. எங்களைக் கெடுக்க நினைத்துச் செய்யவில்லை. நனைந்த சாமான் மேடையில் ஏறினால் அவர் வாயில் வருவது அந்தக் கணக்குத்தான். வேறு கணக்கு அவருக்கு வராது. இரும்பு தண்ணீர் குடிக்காது என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். புத்தகத்தில் நூற்று முப்பது போட்டிருக்கிறது என்று மச்சான் சொன்னார். நாங்கள் மூன்று பேரும் புத்தகத்தை விட்டுவிட்டு மடுவத்துக் கணக்கை எடுத்துக்கொண்டோம்.

கீலை அடித்துக் கொடுத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். நீட்டவில்லை. கணக்கப்பிள்ளை சைக்கிளுக்கும் கழித்துச் சொல்லியிருக்கிறார் என்றேன்.

மச்சான் எழுந்து வெளியே போனார். வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். 

“அப்ப நான் ஒடிச்சேன்” என்றார். “ஒடிச்சேன்ல மாப்ள? நீ பாத்தீல்ல?”

“பார்த்தேன் மச்சான். முழுக்க ஒடிச்சீங்க.”

அக்கா கம்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கணக்குப் போட்டுச் சொன்னால் போதாது, நிறுத்துக் காட்டு என்றாள். அவளுக்கு வாயால் சொன்ன கணக்கு போதும் போதும் என்றாகிவிட்டது. புருஷனைப் பார்த்து மெதுவாகத்தான் பேசினாள்.

“அறுநூறுக்கு மேல வந்துச்சுன்னா நான் ஏற மாட்டேன். நீங்களும் ஏறக் கூடாது. வர்றவங்களுக்கு இல்லன்னு சொல்லிருங்க. ரெண்டு சைக்கிளோட வேற ஆள் தேடிக்கலாம்.”

“மொதல்ல நிறுப்போம்” என்றார் மச்சான்.

ஞாயிற்றுக்கிழமை மடுவத்தில் நிறுவை இல்லை. கணக்கப்பிள்ளை சாவியோடு வந்தார். மழை இல்லை. சைக்கிள் நாலையும் துடைத்துக் கொண்டு வந்திருந்தோம். பலகை, பெட்டி, கேன், டயர் எல்லாம் வண்டியில் கிடந்தன.

கணக்கப்பிள்ளை வழக்கம் போலக் கதிரையில் உட்காரப் போனார். அக்கா அவருக்கு முன்னால் போய் நின்றாள்.  அவர் நகர்ந்தார். அக்கா கதிரையில் உட்கார்ந்து, கம்பைச் சுவரில் சாய்த்து, உடைந்த காலை நீட்டிக்கொண்டாள்.

“இங்கருந்து பாத்தா இப்பிடியா தெரியும்” என்றாள்.

கணக்கப்பிள்ளை கதவுப் பக்கம் போய் நின்றார். புதுக் கீலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் மச்சானும் முதல் சைக்கிளின் முன்சில்லை ஏற்றிப் பிடித்தோம். முள் ஆடி நின்றது.

“அறுவது” என்றாள் அக்கா.

பின்சில்.

“எழுவது.”

மச்சான் ஒரு கையை எடுத்து முகத்தைத் துடைத்தார். சைக்கிள் என் பக்கம் சாய்ந்தது. நிமிர்த்தினேன். அக்கா அவரைப் பார்க்கவில்லை. முள்ளையே பார்த்தாள். அடுத்ததை ஏற்றினோம். அதற்கும் அறுபது, எழுபது. சின்னது இரண்டும் ஐம்பத்தைந்து, அறுபத்தைந்து. நாலும் முடிந்தபோதே ஐந்நூறு வந்துவிட்டது. மச்சான் போதும் என்றார். இல்லை, எல்லாம் வைங்க என்றாள் அக்கா.

பலகையை வைத்தோம். எழுபத்தைந்து. சாவிப் பெட்டி. அறுபது. கேனையும் டயரையும் சேர்த்து வைத்தோம். எண்பத்தைந்து.

நான் எதையும் எழுதவில்லை. அக்கா விரலை மடக்கி மனசுக்குள் கூட்டினாள். மறுபடி முதலிலிருந்து கூட்டினாள். பிறகு சொன்னாள்.

எழுநூற்று இருபது.